20 கோடி இணைகளில் எது மெய்?

கேள்வி: எந்தப் புரதம் எந்தப் புரதத்தோடு சேர்ந்து இயங்குகிறது என்பதைக் கணிதத்தையும் தரவு அகழ்வையும் கொண்டு கணிப்பதாகப் படித்தேன். ஆய்வகத்தில் சோதித்தாலே தெரிந்துவிடுமே, கணக்கு எதற்கு?

பதில்: எண்ணிக்கைதான் முதல் காரணம். மனிதரில் புரதங்களுக்கான மரபணுக்கள் சுமார் 20,000. மரபணு ஒன்றுக்குப் புரதம் ஒன்று என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 20 கோடி இணைகள் தேறும். தவிர, ஆய்வகம் சொல்வதெல்லாம் மெய்யும் அன்று. 1989-இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரியின் உயிரணுக்களில் செய்யும் முறையில், மரபணுவை இயக்கும் ஒரு புரதத்தை இரு துண்டாக்கி, ஆராய வேண்டிய இரு புரதங்களில் ஆளுக்கொன்றாகப் பொருத்துவார்கள். அவை ஒட்டினால் துண்டுகள் கூடி, மரபணு இயங்கத் தொடங்கும். ஆனால் உயிரணுவின் வெவ்வேறு பகுதிகளில் வாழ்ந்து ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத புரதங்களும் இந்தச் சோதனையில் கைகோத்துவிடக்கூடும். 2002-இல் ஈஸ்ட் புரதங்களைப் பற்றிய சுமார் 80,000 இணைப்புகளை ஒப்பிட்டபோது, ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் ஆதரித்தவை ஏறத்தாழ 2,400 மட்டுமே.

கணினிக் கணிப்பும் இதே பள்ளத்தில் விழும். மெய்யான இணைகள் 2 லட்சம் என்றும், ஒரு கணிப்பு முறை அவை அனைத்தையும் பிடித்துவிடுகிறது என்றும், பொய்யான இணைகளில் நூற்றுக்கு ஒன்றில் மட்டுமே தவறுகிறது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அருமையாக இருக்கிறது. ஆனால் 20 கோடியில் நூற்றில் ஒரு பங்கு 20 லட்சம் ஆகையால், அது ‘ஆம்’ என்று காட்டும் பதினோரு இணைகளில் பத்து பொய்யாகவே இருக்கும். எனவே, ‘99 விழுக்காடு துல்லியம்’ என்ற விளம்பரத்தைக் கண்டால், எத்தனை பொய் இணைகளுக்கு நடுவே சோதித்தார்கள் என்று கேட்பேன்.

தப்பிக்கும் வழி, ஒன்றையொன்று சாராத சான்றுகளைச் சேர்ப்பது. இரு மரபணுக்கள் ஒரே வேளையில் இயங்குகின்றனவா, இரு புரதங்களும் உயிரணுவில் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, பல உயிரினங்களில் ஒரு புரதத்தின் அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) மாறும்போது மற்றதிலும் ஈடாக மாற்றம் நேர்கிறதா என்பன தனித்தனியே வலுவற்ற சான்றுகள்தாம். ஆனால் நிகழ்தகவு விதிப்படி அவற்றின் எடைகள் பெருக்கப்படுவதால், நான்கைந்து சேர்ந்தால் ஐயம் வெகுவாகக் குறைகிறது.

கேள்வி: அதிக இணைப்புகள் உள்ள புரதம்தான் முக்கியமானதா?

பதில்: ஓரளவுக்கு. 2001-இல் வெளியான ஈஸ்ட் ஆய்வில், ஐந்து அல்லது குறைவான இணைப்புகள் கொண்ட புரதங்களில் சுமார் 21 விழுக்காடும், 15-க்கு மேற்பட்ட இணைப்புகள் கொண்டவற்றில் சுமார் 62 விழுக்காடும் உயிர்வாழ இன்றியமையாதவையாக இருந்தன. ஆனால் புற்றுநோயோடு தொடர்புடைய பி53 போன்ற புகழ்பெற்ற புரதத்தைப் பல்லாயிரம் ஆய்வர்கள் துருவியிருப்பதால், அதற்குத் தரவுத்தளங்களில் இணைப்புகள் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. எவரும் தேடாத புரதம் அங்கே தனித்து நிற்கும்.