கேட் தேர்வை மறுபடி எழுத வேலையை விட வேண்டுமா?

கேள்வி: ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வில் நினைத்த பெர்சென்டைல் (எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் நமக்குக் கீழே என்ற கணக்கு) வரவில்லை. இந்த ஆண்டு மீண்டும் எழுதப் போகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்க வேண்டுமா? எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? தமிழ் வழியில் படித்தவன், ஆங்கிலப் பகுதிதான் கவிழ்த்துவிட்டது.

பதில்:

வேலையை விட வேண்டாம். முதலிலிருந்தும் தொடங்க வேண்டாம். கேட்டதற்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் கடைசியில் சேர்த்திருக்கும் அந்த வரியைப் படித்த பிறகு இதோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. அதே வரியை நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கிடைத்த அறிவுரைகளில் பெரும்பாலானவை எனக்கு உதவாதவை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். கேரள அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். பிளஸ் டூவும் பி.காமும் ஆங்கிலத்தில். பாடப் புத்தகத்தை ஆங்கிலத்தில் படித்துத் தேர்வு எழுதுவது வேறு. முன்பின் அறியாத ஒரு பொருளைப் பற்றி யாரோ சுற்றி வளைத்து எழுதிய கட்டுரையைச் சில நிமிடங்களில் படித்து, அவர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கண்டுபிடிப்பது வேறு. முதல்முறை எழுதியபோது கணக்குப் பகுதி என்னைத் தூக்கிவிட்டது, ஆங்கில வாசிப்புப் பகுதி கீழே இழுத்தது. கோவையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி எழுதினேன். திருச்சி ஐஐஎம்மில் இடம் கிடைத்தது, படித்து முடித்தேன்.

அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா ஆகிய முன்னணி ஐஐஎம்கள் மூன்றில் ஒன்றில் படிக்காதவள் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் இங்கே இருப்பார்கள். அந்த மூன்றையும் குறிவைத்திருப்பவர்களுக்கு வேறு யாராவது எழுதட்டும். கேள்வியில் நீங்கள் பெர்சென்டைலைக் குறிப்பிடவில்லை என்றாலும் 80க்கும் 90க்கும் நடுவில் நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். மறுபடி எழுதலாமா என்ற தவிப்பு அந்த இடத்தில் நிற்பவர்களுக்குத்தான் அதிகம்.

முதலில், உங்கள் பழைய ரெஸ்பான்ஸ் ஷீட்டை, அதாவது நீங்கள் குறித்த விடைகளைக் காட்டும் தாளை, தேடி எடுங்கள். தேர்வு முடிந்து விடைக்குறிப்பு வெளியானபோது அதைத் தரவிறக்கி வைத்திருப்பீர்கள். வாசிப்பு, தரவு மற்றும் தர்க்கம், கணக்கு என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போய்விட்டால் திரும்பி வர முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழிவு, விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவு கிடையாது. இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஆனால் இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் தாளைக் கேள்வி கேள்வியாகப் பார்த்திருக்கிறீர்களா? மதிப்பெண் போன ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: தெரியாததால் போனது, தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது, தொட்டிருக்கவே வேண்டாதது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு நான் பின்னாளில் உதவியபோது அவர்களுடைய தாள்களிலும் இதையே செய்யச் சொன்னேன். முதல் வகை எல்லாரும் பயந்த அளவுக்கு இருக்கவில்லை. மூன்றாவது வகைதான் பக்கத்தை நிரப்பியது. பாடத்திட்டம் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து படிப்பவர், குறைவாக இருக்கும் முதல் வகைக்காக ஓர் ஆண்டையே செலவழிக்கிறார். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

பெர்சென்டைலைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். 2024 நவம்பரில் கேட் எழுதியவர்கள் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர். அப்படியானால் ஒரு பெர்சென்டைல் என்பது கிட்டத்தட்ட 3,000 பேர். நடுப்பகுதியில் அத்தனை பேரும் நெருக்கியடித்து நிற்பதால், கூடுதலாகச் சரியாகும் ஒன்றிரண்டு கேள்விகள்கூட ஆயிரக்கணக்கானவர்களைத் தாண்ட வைத்துவிடும். கடந்த சில ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் குறைவாக எடுத்தவர்களே 99 பெர்சென்டைலைத் தொட்டிருக்கிறார்கள். உங்களுக்கும் நீங்கள் விரும்பும் இடத்துக்கும் நடுவே நிற்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய கேள்விகள்தான்.

இனி ஆங்கிலத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம்.

நான் சேர்ந்திருந்த பயிற்சி மையம் ஒன்றில், "தமிழில் யோசிப்பதை நிறுத்து, அப்போதுதான் வேகம் வரும்" என்று ஆசிரியர் ஒருவர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் எனக்கு வேலை செய்தது அதற்கு நேர் எதிரான வழி. ஆங்கிலப் பத்தியைப் படிப்பேன். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் எழுதியவர் அங்கே என்ன செய்கிறார் என்பதை ஓரத்தில் ஒரே ஒரு தமிழ் வரியில் எழுதுவேன். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அல்ல, சாரம் மட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பழைய காலனி நாடுகளிலிருந்து கொண்டுபோன பொருட்களைத் திருப்பித் தருவதைப் பற்றி ஒரு பயிற்சிக் கட்டுரை. எழுதியவர் முதலில் திருப்பித் தருவதற்கான நியாயங்களைச் சொல்கிறார், நடுவில் 'ஆனால்' என்று திரும்புகிறார், பிறகு பொருளைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டதோடு கடமை தீர்ந்தது என்று அரசுகள் நினைப்பதைக் கடுமையாகச் சாடுகிறார். ஓரத்தில் நான் எழுதிய வரி: 'திருப்பித் தருவதை எதிர்க்கவில்லை; திருப்பித் தந்ததும் கணக்குத் தீர்ந்தது என்பதை எதிர்க்கிறார்.' கீழே இருந்த விடைகளில் ஒன்று, கட்டுரையாளர் திருப்பித் தருவதையே எதிர்ப்பதாகச் சொல்லியது. கட்டுரையில் இருந்த கடுமையான சொற்கள் அத்தனையும் அந்த விடையிலும் இருந்தன. ஆங்கிலத்தில் மேலோட்டமாக ஓட்டிப் படிப்பவர் அதைத்தான் தொடுவார், ஏனென்றால் சொற்கள் பொருந்துகின்றன. என் கையில் தமிழ் வரி இருந்ததால் சொற்களைப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. எந்த விடை அந்த வரியோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் பார்த்தேன்.

தேர்வறையில் இப்படி எழுதிக்கொண்டிருக்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். தேர்வறையில் எழுத வேண்டியதில்லை. சில மாதங்கள் எழுதிப் பழகினால் அந்த வரி மனதுக்குள் தானாகவே வந்து நிற்கும். வாசிப்புப் பகுதியில் அண்மைய ஆண்டுகளில் நான்கு கட்டுரைகளும் அவற்றிலிருந்து 16 கேள்விகளும் வருகின்றன. தத்துவம், மானுடவியல், சூழலியல், பொருளாதாரம் என்று எங்கிருந்தும் வரலாம். ஏயான் (Aeon) இணைய இதழின் கட்டுரைகள் வினாத்தாளில் இடம்பெற்றிருக்கின்றன; இலவசமாகவே படிக்கலாம். உக்கடத்தில் பேருந்து ஏறி வேலந்தாவளம் வழியாக வீடு வந்து சேர்வதற்குள் ஒரு நீண்ட கட்டுரையைப் படித்து, இறங்கும்போது அதன் வாதத்தை எனக்கு நானே தமிழில் சொல்லிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சொல்ல முடியாமல் திணறினால் மறுநாள் காலையில் அதையே மறுபடி படிப்பேன். சொல்வளப் பட்டியலை மனப்பாடம் செய்வதற்குச் செலவாகும் நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

ஆங்கிலமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இந்த முறை தேவைப்படாமல் போகலாம். தமிழில் பத்தாண்டு படித்த ஒருவருக்கு வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் திறமை தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வா என்பது அநியாயம் என்றுதான் சொல்கிறேன்.

தரவு, தர்க்கப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கோ ஐந்தோ கேள்வித் தொகுப்புகள் வரும். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, எதைத் தொடுவது என்று முடிவு செய்ய முதல் சில நிமிடங்களை ஒதுக்குங்கள். இரண்டு தொகுப்புகளை முழுமையாக முடிப்பவர், நான்கைத் தொட்டு நான்கையும் பாதியில் விட்டவரைவிட மேலே இருப்பார். மாதிரித் தேர்வு எழுதும் நேரத்தைவிட அதை அலசும் நேரம் கூடுதலாக இருக்கட்டும். இன்னொன்று: தேர்வு ஒரே நாளில் காலை 8.30, பகல் 12.30, மாலை 4.30 என்று மூன்று வேளைகளில் நடக்கிறது. உங்களுக்கு எது என்பது நுழைவுச் சீட்டு வந்தால்தான் தெரியும். ஞாயிறு காலையில் மட்டுமே மாதிரித் தேர்வு எழுதிப் பழகியவருக்கு மாலை வேளை வந்துவிட்டால் தலை ஓடாது. வேளையை மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள்.

வேலையை ஏன் விடக் கூடாது என்பதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. ஐஐஎம்கள் பலவும் நேர்காணலுக்கு அழைக்கும்போதும் இறுதித் தேர்விலும் பணி அனுபவத்துக்கு மதிப்பெண் தருகின்றன. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண்களை இனி உங்களால் மாற்ற முடியாது. அனுபவம் ஒன்றுதான் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகக்கூடியது. வேலையை விட்டுவிட்டுப் படித்து வென்றவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் ஒருவரை, அதிலும் ஒரு பெண்ணை, எங்கள் ஊரில் யாரும் படிப்பவளாகப் பார்ப்பதில்லை. ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா முறை ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம் அம்மணி, ஒருக்கா எழுதிப் பார்த்தாச்சல்ல, இன்னொரு வருசத்தை எதுக்கு வீணாக்கோணும்?" என்று கேட்டார். "வேலைக்குப் போயிட்டேதானுங்க பெரியம்மா படிக்கறேன்" என்று நான் சொன்னதும் அவரால் மேலே பேச முடியவில்லை. வருமானம் வந்துகொண்டிருக்கும்வரை வீண் என்ற சொல்லை யாரும் உங்கள்மேல் ஒட்ட முடியாது. நேர்காணலிலும் அப்படியே. இடைப்பட்ட ஆண்டில் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு தொழிலின் கணக்குப் புத்தகங்களைப் பற்றிப் பேச விஷயம் இருந்தது. தென்னந்தோப்பும் கள் இறக்குவதும் எங்கள் தாலுகாவில் எப்படிக் கணக்கு வைக்கப்படுகின்றன என்பதைப் பற்றியே நேரம் போய்விட்டது.

எல்லையோரத்துப் பிள்ளைகளுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பிரிவில் விண்ணப்பிப்பவராக இருந்தால் கிரீமி லேயரில் (இடஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வரவில்லை என்பதற்கான சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் வாங்க வேண்டும். மாநில அரசின் தேவைக்காக வாங்கிய பழைய சான்றிதழ் செல்லாது. மத்தியப் பட்டியல் மாநிலவாரியாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கும் சாதிப் பெயர் கேரளப் பட்டியலில் வேறு பெயரில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் தாத்தா பொள்ளாச்சிப் பக்கமிருந்து தோப்பு வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். பள்ளிப் பதிவேட்டில் எங்கள் சாதிப் பெயர் தமிழ்நாட்டு வழக்கப்படி இருந்தது. ஓர் அலுவலகத்தில், "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், அங்கே போய் வாங்குங்கள்" என்றார்கள். எல்லை தாண்டிப் போனால், "பிறந்தது கேரளத்தில், இங்கே எப்படித் தருவது?" என்றார்கள். மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் கரம் (நிலவரி) கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தை இரண்டு பக்கமும் விருந்தாளியாக நடத்தியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழையும் தாத்தா பேரில் இருந்த கரம் கட்டிய ரசீதையும் சேர்த்துக் கொடுத்து, மேலதிகாரி ஒருவர் பொறுமையாகப் படித்துப் பார்த்த பிறகுதான் கிடைத்தது. கேட் பதிவு வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கிச் செப்டம்பரில் முடிந்துவிடும், பதிவு முடிந்த பின் பிரிவை மாற்ற விட மாட்டார்கள். அதனால் இந்த அலைச்சலை மே, ஜூனிலேயே தொடங்கிவிடுங்கள்.

கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கை ஆண்டுக்கு மட்டுமே செல்லும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை. கேட்டுக்குப் படித்த படிப்பிலேயே ஜனவரியில் வரும் எக்ஸ்ஏடி (XAT) என்ற மேலாண்மை நுழைவுத் தேர்வையும் எழுதலாம். கேரளத்துக் கல்லூரிகளுக்கு கேமேட் (KMAT), தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்செட் (TANCET) என்ற நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. எல்லையில் இருப்பவருக்கு இரண்டும் எட்டும் தூரத்தில் இருப்பதால் இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

வாசிப்புப் பகுதியில் தவறாகிப்போன கேள்விகளை மேலே சொன்ன மூன்று வகையாகப் பிரித்து, எந்தக் கட்டுரையில் எத்தனை என்று கீழே எழுதுங்கள். எதிலிருந்து தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.