பதில்: ப்ராஜெக்ட் செகாயில் (பாட்டுக்கு ஏற்பத் திரையைத் தட்டி ஆடும் போன் கேம்) ப்ளூடூத் இயர்போன் மாட்டினால் மட்டும் எல்லாம் "கிரேட்" ("பெர்ஃபெக்ட்"டுக்கு ஒரு படி கீழே), காம்போவும் (விடாமல் சரியாகத் தட்டிய தொடர் எண்ணிக்கை) உடைகிறது

டைமிங் அட்ஜஸ்ட்மென்ட் (நோட்டுகள் வரும் நேரத்தை நகர்த்துற செட்டிங்) மட்டும் போதாது, தட்டும் சத்தத்தையும் பூஜ்யத்துக்கு இறக்குங்க. லைவ் செட்டிங்ஸில் ரெண்டும் இருக்கு.

ப்ளூடூத்தில் பாட்டு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூட பிந்தி வரும். டைமிங்கை மாத்தினா நோட்டுகள் அந்தப் பாட்டோடு சேர்ந்துடும். ஆனா தட்டும் சத்தம் நீங்க விரல் வெச்ச பிறகுதான் கிளம்புது, அதை எந்த செட்டிங்கும் முன்னாடி இழுக்க முடியாது. ஹட்சுனே மிகு (கேமில் பாடும் கணினிக் குரல் பாடகி) பாடுறது ஒரு இடத்தில், "டக்" கொஞ்சம் தள்ளி. காது அதை நம்பி விரலைக் குழப்பும்.

சரிபார்க்க:

1. ஃபாஸ்ட்/லேட் (சீக்கிரம் தட்டினீங்களா, பிந்தித் தட்டினீங்களான்னு) காட்டுவதை ஆன் பண்ணுங்க.
2. "டெல் யுவர் வேர்ல்ட்" பாட்டைப் போடுங்க, நார்மல் லெவல் போதும். 150 பிபிஎம் (நிமிஷத்துக்கு 150 தட்டு), சீரான தாளம். வேகம் மாறும் பாட்டு இதுக்கு ஆகாது.
3. லேட்டா மட்டும் வந்தா டைமிங்கைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி ஆடுங்க. லேட் கூடினா எதிர்ப்பக்கம் நகர்த்துங்க.

ஃபாஸ்ட்டும் லேட்டும் கலந்து வந்தா இயர்போன் மேல பழி போடாதீங்க. பெரும்பாலும் போன் திணறுது; 3டி எம்வியை (பின்னணியில் ஓடும் 3டி வீடியோ) நிறுத்திட்டுப் பாருங்க.

ஒண்ணு: இந்த அளவு அந்த இயர்போனுக்கு மட்டும்தான். ஸ்பீக்கருக்கு மாறினா பழைய எண்ணுக்குத் திருப்பணும், அதனால முதல்லயே குறிச்சு வெச்சுக்குங்க. மாஸ்டர்ங்கிற கஷ்டமான லெவலில் ஃபுல் காம்போ (கடைசிவரை காம்போ உடையாம ஆடுறது) குறின்னா, என்னைக் கேட்டா ஒயர் இயர்போன்தான்.