தடுமாறும் கால்பந்து அணிக்குப் பழைய நட்சத்திரம் மேலாளரானால் அணி தேறுமா?

பெரும்பாலும் தேறாது என்பதே என் பதில். பெயர் ரசிகர்களைத்தான் எழுப்பும், தற்காப்பைச் சரிசெய்யாது.

இங்கிலாந்தின் நியூகாசில் அணியையே பாருங்கள். 2009 ஏப்ரலில், எட்டு ஆட்டங்களே மிச்சமிருந்தபோது ஆலன் ஷியரரை அழைத்தார்கள். அந்த கிளப்புக்காக 206 கோல் அடித்தவர், ஊரே கொண்டாடும் ஆள். ஆனால் மேலாளராக ஒருநாள்கூட இருந்ததில்லை. புது ஆட்டக்காரர்களை வாங்கும் காலமும் முடிந்திருந்தது. அதே அணி, அதே ஓட்டைகள். எட்டில் ஒரே ஒரு வெற்றி. கடைசி நாளில் ஆஸ்டன் வில்லாவுடன் டிரா செய்திருந்தாலே போதும், தப்பியிருப்பார்கள். வில்லாவின் பாரி அடித்த பந்து நியூகாசிலின் டேமியன் டஃப் மேல் பட்டுச் சொந்த வலைக்குள் போனது. 0-1. இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகிலிருந்து கீழ் லீகுக்கு இறங்கினார்கள். எனக்கு இன்னும் வலிக்கிற தோல்வி அது.

இன்னொரு பழைய நட்சத்திரம் வெய்ன் ரூனி கதை கொஞ்சம் வேறு. 2021-22இல் அவர் மேலாளராக இருந்த டெர்பி அணிக்கு நிதிச் சிக்கலால் 21 புள்ளிகள் வெட்டப்பட்டன. அணி இறங்கினாலும் அவர் நடத்திய விதம் பாராட்டத்தக்கது. ஆனால் 2023இல் பர்மிங்காம் அணியில் 15 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, அப்புறம் பதவி போனது. இத்தனைக்கும் அவர் வந்தபோது அணி ஆறாம் இடத்தில் இருந்தது!

தானாக வந்த திறமையைப் பிறருக்குச் சொல்லித்தருவது தனி வித்தை. அதைச் சின்ன அணியில், பொறுமையாகப் பழகிவிட்டு வருபவரை நம்பலாம்.