தறியை வைத்து சீட் வாங்க வேண்டாம்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. பிளஸ் டூ முடித்த பாப்பா ராத்திரி பகலாக சூப்பர்ஹீரோ படக்கதை வரைகிறாள். பெங்களூரில் ஐடியில் இருக்கும் உங்கள் அண்ணன், மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் உங்கள் தறிகளை அடகு வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களை எல்லாம் படித்தேன். ஏற்காடு மலைப்பாதையில் விழுந்து நினைவு தப்பிய ஒரு பெண். தனக்குப் பறக்கத் தெரியும் என்பதே அவளுக்கு மறந்துபோகிறது. நீ இன்னார், நீ இப்படித்தான் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தான் யார் என்று தெரிந்துகொள்ள அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறுகிறாள். 20 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு ஓர் அத்தியாயம். பதினான்காவது வளைவில் ஒரு வசனம்கூட இல்லை, ஆனாலும் கதை நகர்கிறது. பழகிய ஓவியர்களே கை விரல்களை வரையத் திணறுவார்கள், இவள் நன்றாக வரைகிறாள். கட்டடங்கள் மட்டும் சாய்கின்றன, அது பயிற்சியில் சரியாகிவிடும். அமெரிக்க சூப்பர்ஹீரோ புத்தகங்களில் கதை, பென்சில், மை, வண்ணம், எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனி ஆள் இருப்பார். இவள் ஐந்தையும் ஒரே ஆளாகச் செய்திருக்கிறாள். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு என்றாலே ஒதுங்குவாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு நான்கு வருடம் அவளை அதிலேயே உட்கார வைக்க வேண்டும்? அரியர் விழுந்தால் எழுதப்போவது அவள், தவணை கட்டப்போவது நீங்கள். அண்ணனுக்கு அக்கறை இருக்கலாம், இந்த இரண்டு பாரமும் அவர் தலையில் விழாது.

நம் ஊரில் பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது: அரசு கவின் கலைக் கல்லூரி. சென்னையில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது, ஓவியர்கள் ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் படித்த இடம். அங்கே நான்கு வருட பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலை) பட்டப்படிப்பில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்று ஒரு பிரிவு உண்டு. கலை, அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் பி.எஸ்சி. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) வேறு, இது வேறு. அங்கே கேமராவும் மீடியாவும் முக்கியம், இங்கே கை முக்கியம். மனித உடலைப் பார்த்து வரைவது, எழுத்துரு, விளம்பர வடிவமைப்பு, புத்தகப் படம் என்று போகும். சேர்க்கைக்கு வரைந்து காட்ட வேண்டும். பொறியியல் கவுன்சலிங்கில் இது வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதனாலேயே பலர் தவறவிடுகிறார்கள். கட்டணம் அரசுக் கல்லூரிக் கட்டணம்தான், தறியைத் தொட வேண்டியதில்லை.

படக்கதை மட்டும் போட்டுக் குடும்பம் நடத்துவது தமிழில் கடினம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் படிப்பு முடித்தவர்களுக்கு சினிமா ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே வரைந்து தருவது), குழந்தைகள் புத்தகம், மொபைல் ஆப் வடிவமைப்பு, கேம் கம்பெனி, விளம்பரம் என்று வேலைகள் இருக்கின்றன. முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்காரரையே கேளுங்கள், சேலை பார்டருக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுத் தருபவருக்குக் காசு கொடுக்காமலா இருக்கிறார்? வரைகிறவருக்கு வேலை உண்டு என்பது உங்கள் தறிக்கூடத்துக்குத் தெரியாத விஷயமில்லை.

இன்னொன்றிலும் கண்டிப்பாக இருங்கள். வேலை உத்தரவாதம் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் அனிமேஷன் டிப்ளமோ எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சாஃப்ட்வேரைப் பின்னால் கற்றுக்கொள்ளலாம், இந்த வயதில் கை பழக வேண்டும்.

சேர்க்கை அறிவிப்பு வரும் வரை தினமும் ஒரு மணி நேரம் அவள் வெளியே உட்கார்ந்து வரையட்டும். சூரமங்கலம் உழவர் சந்தை, பழைய பஸ் ஸ்டாண்ட், உங்கள் தறிக்கூடம், எதுவானாலும் சரி. நல்ல பக்கங்களாகப் பத்துப் பன்னிரண்டை எடுத்துக் கோப்பில் போட்டு வைக்கட்டும். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

கடன் பேச்சை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். அண்ணனிடம் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் அவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள், நான் விளக்கிச் சொல்கிறேன்.