கார்த்திகையில் ஒரு தரம் போய்ப் பாருங்கள்: மனை, வீடு கேள்வி-பதில்

காரைக்குடியைச் சுற்றி வீடு கட்டிக் கொடுக்கும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். மனை பார்க்கக் கூட்டிப் போகிறவர்கள் வாஸ்து கேட்பார்கள், விலை கேட்பார்கள். அக்கம்பக்கம் எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

சென்னையில் வேலை முடிந்து ஊர் திரும்புகிறோம். கோட்டையூர்ப் பக்கம் ஒரு மனை, சுற்று வட்டார விலையைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள். சித்திரையில் போய்ப் பார்த்தோம், மேட்டு நிலமாகத்தான் தெரிகிறது. பின்னால் ஒரு கண்மாய். முன்பணம் கொடுக்கலாமா?

சித்திரையில் எல்லா நிலமும் மேடாகத்தான் தெரியும் ஐயா. நம் பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. அதனால் முன்னோர்கள் பெய்கிற மழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி, ஒன்று நிறைந்தால் மிகைநீர் வழியும் கலுங்கு வழியாக அடுத்ததற்குப் போகிற மாதிரி வைத்தார்கள். அந்தத் தண்ணீர் போகும் வரத்துக்கால், நாலைந்து வருடம் மழை குறைந்தால் தூர்ந்து வெறும் தரையாகிவிடும். அதன்மேல் செம்மண் அடித்துக் கல் ஊன்றினால் மனை. அடுத்த பெருமழைக்குத் தண்ணீர் பழைய வழியிலேயே வரும்.

கண்மாய்க்கு எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. கரைக்கு வெளியே என்றால் மடையும் கலுங்கும் எங்கே திறக்கின்றன என்று பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கும் உள்வாய்ப் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். அந்தப் புல எண்ணுக்கும் சுற்றியுள்ள எண்களுக்கும் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும், நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேடும் எடுத்து, ஓடை, வாய்க்கால், புறம்போக்கு என்று ஏதாவது குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இவை தமிழக அரசின் இணைய சேவைத் தளத்திலேயே கிடைக்கும். பிறகு நேரில். பக்கத்து வீடுகளின் மதில் சுவரில் ஒரே மட்டத்தில் உப்புப் பூத்த கோடு ஓடுகிறதா? புதிதாகக் கட்டியவர்கள் வாசலுக்கு நாலு படி, ஐந்து படி வைத்திருக்கிறார்களா? காலி மனைகளில் கோரை முளைத்திருக்கிறதா? அங்கே ஆடு மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “அண்ணே, கண்மாய் பெருகினா தண்ணி எதுவரைக்கும் வரும்?” அவர் கையை நீட்டிக் காட்டும் இடத்தை நான் எந்த வரைபடத்தோடும் ஒத்துப் பார்ப்பேன்.

என் மைத்துனர் பங்குனியில் மனை வாங்கி ஆவணியில் கடைக்கால் தோண்டினார். கார்த்திகையில் கடைக்கால் குழி முழுக்கத் தண்ணீர். மூன்று மாதம் வேலை நின்றது. மனை பார்க்க அவரோடு போனவன் நான். அன்று அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சங்கராபுரம் பகுதி மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது, இனி எல்லா வசதியும் வந்துவிடும் என்கிறார் தரகர். நம்பலாமா?

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனதும் சுற்றியுள்ள பகுதிகள் அதில் சேர்ந்ததும் உண்மை. ஆனால் வரப்போவதற்கு இன்றைக்கே விலை கொடுக்க வேண்டாம். தெருச் சாக்கடையைப் பிடித்துக்கொண்டு அது முடிகிற இடம்வரை நடந்து பாருங்கள். எங்காவது காலி மனையில் போய்த் தேங்கினால், கொசுவும் நாற்றமும் உங்கள் பங்குக்கும் வரும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு இடத்தைப் பூங்கா போன்ற பொதுப் பயனுக்கு விட வேண்டும். அங்கீகார வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது, தரையில் அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

புதுவயலில் கட்டிய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. கொஞ்ச தூரத்தில் அரிசி ஆலை. தொந்தரவு இருக்குமா?

புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர், அந்தத் தொழிலால் வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். எல்லா ஆலைக்குப் பக்கத்திலும் தொந்தரவு என்று சொல்ல மாட்டேன். தூரத்தைவிடக் காற்று முக்கியம். ஆனி, ஆடியில் மேல்காற்று, மார்கழியில் வாடை. ஆலை வீட்டுக்கு மேற்கே இருந்தால் ஆடியில் ஒரு நாள் போய் மொட்டை மாடியில் நில்லுங்கள். வடகிழக்கே இருந்தால் மார்கழியில். மாடிச் சுவரை விரலால் தடவிப் பாருங்கள், உமிக்கரி ஒட்டினால் தெரிந்துவிடும். பக்கத்து வீடுகளில் துணியை மாடியில் காயப்போடுகிறார்களா, உள்ளே கொடி கட்டிப் போடுகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை வாங்கி, நானும் மனைவியும் அங்கேயே இருக்க நினைக்கிறோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. வீடு நன்றாக இருக்கிறது. ஊர் எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கடிதம் எனக்குச் சந்தோஷம் தந்தது. பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, கடைசியில் தூணும் நிலையும் விலைக்குப் போகிற வீடுகளைப் பார்த்துப் பார்த்து மனசு கனத்துப் போனவன் நான். ஒரு வீட்டிலாவது விளக்கு எரியட்டும்.

பத்திரம் பற்றி ஒன்றே ஒன்று. இந்த வீடுகள் பெரும்பாலும் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்குப் பங்குள்ளவை. பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்று 2005-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. யாருக்கெல்லாம் பங்கு உண்டோ அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். வழக்கறிஞர் பார்க்காமல் இறங்காதீர்கள்.

இனி ஊர். கல்யாணம், பொங்கல், கோயில் திருவிழா என்றால் ஊர் முழுக்கக் கதவு திறந்திருக்கும், கார்கள் நிற்கும். அந்த நாளில் போய் முடிவு செய்யாதீர்கள். சும்மா ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போய், இரவு எட்டு மணிக்குத் தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். இந்த வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். இரண்டு தெருவிலும் எண்ண வேண்டும். முகப்புத் தெரு முழுக்கப் பூட்டியிருந்தாலும் பின் தெருவில் குடும்பங்கள் இருந்தால் எனக்குத் தைரியம் வரும். ராத்திரி ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில் ஆள் வேண்டும்.

இரண்டு பக்கத்து வீடுகளும் பூட்டியிருந்தால், அவற்றின் நிலைமை உங்கள் சுவருக்கு வந்து சேரும். ஓடு உடைந்து இறங்கும் மழைத்தண்ணீர், கரையான், தேன்கூடு, பாம்பு எல்லாம். பொதுச்சுவர் இருந்தால் இன்னும் கவனம். அந்த வீட்டைப் பிரித்து விற்கும்போது உங்கள் பக்கம் ஆட்டம் காணும். வீடு பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். பக்கத்து வீடு கடைசியாக எப்போது திறந்தது, பங்காளிகளுக்குள் பேச்சு உண்டா என்று அவருக்குத் தெரியும். பால் எங்கிருந்து வருகிறது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, போன தடவை 108 கூப்பிட்டபோது வண்டி வர எவ்வளவு நேரம் ஆனது என்றும் அவரிடமே கேளுங்கள். முடிந்தால் அதே தெருவில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காரைக்குடித் தண்ணீர் நல்ல தண்ணீர் என்கிறார்களே, தனியாகச் சோதிக்க வேண்டுமா?

வேண்டும். ஊருக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றின் பெயர் எல்லா மனைக்கும் பொருந்தாது. சுற்றி நாலு வீட்டில் போர் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, கோடையில் வற்றியதா என்று கேளுங்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிறதா என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், கடினத் தண்ணீர் என்றால் சொல்லிவிடுவார். பிறகு ஆய்வகம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி உண்டு.

தேவகோட்டைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை நான். மகளும் நானும் மட்டும். வீடு வாங்க இரண்டு தெருக்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். எது பாதுகாப்பு என்று எப்படி முடிவு செய்வது?

அம்மா, மகள் டியூஷன் முடிந்து திரும்பும் நேரத்தில் நீங்களும் அவளும் பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடந்து பாருங்கள். ஒரு நாள் போதாது, நாலைந்து நாள். எத்தனை தெருவிளக்கு எரிகிறது, இடையில் ஆளில்லாத மனை எவ்வளவு நீளம், ஒன்பது மணிவரை திறந்திருக்கும் பெட்டிக்கடையோ இஸ்திரி வண்டியோ உண்டா என்று பாருங்கள். டாஸ்மாக் கடை இருந்தால் அங்கிருந்து ஆட்கள் எந்த வழியாக வீடு திரும்புகிறார்கள் என்பதும் முக்கியம், கடை எவ்வளவு தூரம் என்பது மட்டும் போதாது.

பகலில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிகளிடம் பேச்சுக் கொடுங்கள். வீட்டுக்காரர் எங்கே, என்ன ஆளுங்க என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்வி உங்களுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், அது தேவையில்லாத கேள்வி என்பதுதான் என் எண்ணமும். ஆனால் கேட்டுவிட்டு அடுத்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு தெருவில் பேச்சு அதோடு நின்றுவிடும். இன்னொரு தெருவில், “பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தா இங்கன வந்து இருக்கட்டும், நீ வர்ற வரைக்கும்” என்பார்கள். அந்தத் தெருவில் விலை கொஞ்சம் கூட என்றாலும் பேசிப் பாருங்கள்.