ஐந்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் அழுதுகொண்டே

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு நாலரை வயது, எடை 16 கிலோ. ஐந்தாறு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான். வயிறு முட்டிக்கொண்டு வந்ததும் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க முக்குவான், ஆனால் வராது. வரும்போது பெரியவர்கள் போவதைவிடத் தடிமனாக இருக்கும், சில சமயம் ரத்தமும் ஒட்டியிருக்கும். ஒரு மாதமாக ஜட்டியில் தண்ணீராகக் கறை படுகிறது. வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்துக்கடையில் கேட்டு ஒரு சிரப் கொடுத்தேன், கேட்கவில்லை. அதற்கு முன்பு டாக்டர் எழுதிக்கொடுத்த லாக்டுலோஸ் சிரப்பை ராத்திரி 5 மில்லி வீதம் கொஞ்ச நாள் கொடுத்தோம். ஓரளவு இளகிப் போனான். பழகிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டோம். திரும்பவும் அதே கதை. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைக்கலாம் என்கிறார் மாமியார். தினமும் வாழைப்பழம் கொடுக்கிறேன், பால் நாலு டம்ளர் குடிப்பான். குடலில் அடைப்பு ஏதாவது இருக்குமா? ஆபரேஷன் வரைக்கும் போகுமா? இன்னொன்று, இரண்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறாள். தாய்ப்பால் மட்டும்தான். அவளும் ஆறு நாளாகப் போகவில்லை. இது குடும்ப வாகா?

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் ஒரு விஷயத்தைத் திருத்திவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. உங்கள் மகன் பீரோவுக்குப் பின்னால் நின்று முக்கவில்லை. அடக்குகிறான். மலத்தை வெளியே தள்ள நினைக்கும் குழந்தை முட்டியை மடக்கிக் குத்தவைக்கும். காலைப் பின்னி, புட்டத்தை இறுக்கி, குதிகாலைத் தூக்கி, எதையாவது பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பது உள்ளேயே பிடித்துவைக்கத்தான். அடுத்த முறை அவன் அப்படி நிற்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், புரிந்துவிடும்.

ஏன் அடக்குகிறான்? ஏதோ ஒரு நாள் போகும்போது நன்றாக வலித்திருக்கிறது. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத ஒரு வாரமாக இருக்கலாம், ஊருக்குப் போன சமயமாக இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதாகவும் இருக்கலாம். கெட்டியாக வந்த மலம் ஆசனவாயின் ஓரத்தில் சின்னதாகக் கிழித்துவிட்டது. நீங்கள் பார்த்த ரத்தம் பெரும்பாலும் அந்தக் கிழிசலிலிருந்து வந்ததுதான். இனிமேல் போகக் கூடாது என்று அவன் முடிவு செய்துவிட்டான். நாலரை வயதுக்கு அது மிகவும் நியாயமான முடிவு. ஆனால் உள்ளே தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாளாக நாளாக மலம் இன்னும் பெரிதாகி, இன்னும் கெட்டியாகும். ஆறாவது நாள் அது வரும்போது முன்பைவிட அதிகமாக வலிக்கும். அவன் நினைத்தது சரிதான் என்று அவனுக்கே உறுதியாகிவிடும்.

இதற்கிடையில் மலக்குடல் விரிந்துபோகும். விரிந்த குடலுக்கு உணர்ச்சி மழுங்கிவிடுவதால் ‘வருகிறது’ என்ற தகவலே சரியாக மேலே போகாது. இப்போது ஜட்டிக் கறைக்கு வருகிறேன். வாய்க்காலில் பெரிய பாறை கிடந்தால் தண்ணீர் அதன் பக்கவாட்டில் கசிந்து போகும் இல்லையா, அந்த மாதிரி கெட்டி மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலே இருக்கும் இளகிய மலம் கசிகிறது. இது வயிற்றுப்போக்கு இல்லை. மலச்சிக்கல் முற்றியதன் அடையாளம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து இங்கே கெடுதல்தான் செய்யும். அந்த சிரப்பை இனி தொட வேண்டாம்.

கறைக்காக அவனை அடித்தீர்களா, திட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. அது வருவது அவனுக்கே தெரியாது என்பதை மட்டும் வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், அவன் அப்பாவிடமும். சோம்பேறித்தனமும் இல்லை, வேண்டுமென்று செய்வதும் இல்லை. படுக்கையில் சிறுநீர் போவது, அடிக்கடி நீர்க்கடுப்பு வருவது ஆகியவையும் இதோடு சேர்ந்து வரக்கூடும். நிரம்பிக் கிடக்கும் மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதுதான் காரணம். அதுவும் இருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

அடைப்பா, ஆபரேஷனா என்று கேட்டிருந்தீர்கள். மலச்சிக்கலோடு வரும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடலில் எந்த நோயும் இருக்காது. நீங்கள் எழுதியிருப்பதும் அந்த வகையைப் போலத்தான் தெரிகிறது. இருந்தாலும் நேரில் பார்க்காமல் நான் முத்திரை குத்த முடியாது. பிறந்த 48 மணி நேரத்துக்குள் அவன் முதல் மலம், அந்தக் கருப்பு மலம், போனானா? பிறந்த முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் இருந்ததா? எடை ஏறாமல் நிற்கிறதா, வயிறு எப்போதும் உப்பியே இருக்கிறதா, பச்சையாக வாந்தி எடுக்கிறானா? மலம் நாடா மாதிரி மெல்லிசாக வருகிறதா? நடையில் தடுமாற்றம், முதுகின் அடியில் குழி அல்லது முடிக்கற்றை ஏதாவது உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று ஒன்று உண்டு. குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமலே குழந்தை பிறந்துவிடும். சுமார் 5,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும். அதற்குத்தான் ஆபரேஷன் தேவை. தைராய்டு குறைபாடும் மலச்சிக்கல் தரும். உங்கள் மகனைப் போலத் தடித்த மலம் போகிற, காலைப் பின்னி அடக்குகிற குழந்தைக்கு இவை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். எல்லாக் குழந்தைக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் தேவையில்லை.

இப்போது வைத்தியம். முதலில் உள்ளே தேங்கியிருப்பதை முழுசாக வெளியேற்ற வேண்டும். அப்புறம் திரும்பவும் தேங்காமல் மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதற்குப் போவதால்தான் பல வீடுகளில் சிரப் ‘கேட்கவில்லை’ என்கிறார்கள்.

வெளியேற்றுவதற்கு இப்போது உலகெங்கும் முதலில் கொடுப்பது பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொடி. தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் 2014-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியின்படி, கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம் வீதம், 3 முதல் 6 நாள் வரை. 16 கிலோ எடைக்கு இது தினம் 16 முதல் 24 கிராம். உங்கள் டாக்டரோடு பேசுவதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன், நீங்களாகவே வாங்கிக் கொடுக்க இல்லை. இதே மருந்து, கொலனோஸ்கோப்பிக்கு முன்னால் பெரியவர்கள் குடலைச் சுத்தம் செய்யவும் பெரிய பாக்கெட்டில் கிடைக்கிறது. கடைக்காரர் அதை எடுத்து நீட்டிவிடக் கூடாது. இந்தச் சில நாட்களில் கசிவு முன்பைவிட அதிகமாகும், வயிறும் கொஞ்சம் முறுக்கும். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பள்ளி விடுமுறையோடு சேருகிற மாதிரி ஆரம்பித்தால் அவனுக்குச் சங்கடம் இருக்காது. வாந்தி எடுத்தாலோ வயிறு உப்பி வலி அதிகமானாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அது முடிந்ததும் அதே பொடியைக் குறைந்த அளவில், கிலோவுக்குச் சுமார் 0.4 கிராமில் தொடங்கி, தினம் ஒருமுறை இளகலாகப் போகிற அளவுக்குக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ள வேண்டும். பொடி கிடைக்கவில்லை என்றால் லாக்டுலோஸும் நல்ல மருந்துதான். ஆனால் நீங்கள் கொடுத்த 5 மில்லியில் இருப்பது ஏறக்குறைய 3.3 கிராம். வழிகாட்டி சொல்லும் அளவோ கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். கணக்குப் போட்டால் உங்கள் மகனுக்குக் கிடைத்தது தேவையில் கால் பங்குகூட இல்லை. மருந்து தோற்கவில்லை, அளவும் நாளும் போதவில்லை.

குறைந்தது இரண்டு மாதமாவது விடாமல் கொடுக்க வேண்டும். எல்லாத் தொந்தரவும் நின்று ஒரு மாதம் ஆன பிறகுதான் அளவைக் குறைக்கத் தொடங்க வேண்டும், அதுவும் படிப்படியாக. இரண்டு மாதம் என்பது வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்சம். உங்கள் மகன் அளவுக்கு முற்றிய குழந்தைகளின் பெற்றோரிடம் நான் ஆறு மாதம் என்றே சொல்லிவிடுவேன்; சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க அவ்வளவு நாள் பிடிக்கும். வலியை அவன் மறப்பதற்கு இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

பழகிவிடும் என்ற பயம் எல்லா அம்மாக்களுக்கும் உண்டு. இந்த இரண்டு மருந்தும் குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகின்றன, அவ்வளவுதான். குடலைச் சவுக்கால் அடித்து ஓட்டுவதில்லை. பாலிஎதிலீன் கிளைக்கால் உடம்பில் ஏறக்குறைய சேர்வதே இல்லை. நிறுத்தியதும் திரும்ப வந்தது என்றால், பழக்கம் ஆகிவிட்டதால் இல்லை; முழுசாகக் குணமாகும் முன்னால் நிறுத்தியதால்.

வெற்றிலைக் காம்பு விஷயத்தில் மாமியாரோடு சண்டை போட வேண்டாம், அவர் காலத்தில் வேறு என்ன இருந்தது? ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காம்போ சோப்புத் துண்டோ உள்ளே போனால் அந்த நேரத்துக்கு மலம் வரலாம். ஏற்கெனவே கிழிந்திருக்கும் இடத்தில் இன்னொரு வலி, பயத்துக்கு இன்னொரு காரணம் என்பதுதான் மிச்சமாகும். ஆஸ்பத்திரி எனிமாவையும் நான் கடைசிக்குத்தான் வைத்திருப்பேன். வாய்வழி மருந்தே அதற்குச் சமமாக வேலை செய்கிறது. விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவதும் கூடாது. வயிற்றைப் பிடுங்கும் என்பது ஒரு பக்கம். அழுது திமிறும் குழந்தையின் வாயில் எந்த எண்ணெயை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக மாறக்கூடும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நான் முதலில் கை வைப்பது பாலில். நாலு டம்ளர் பால் குடிக்கிற குழந்தைக்குச் சோறு, காய் சாப்பிட வயிற்றில் இடம் ஏது? நாள் முழுக்க 400 முதல் 500 மில்லி போதும். மருந்து சரியாகக் கொடுத்தும் பலன் இல்லை என்றால், பசும்பால் ஒத்துக்கொள்ளாமை காரணமா என்று பார்க்க இரண்டு முதல் நான்கு வாரம் பாலை நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள்; அதை மருத்துவர் மேற்பார்வையில் செய்யுங்கள். பழுத்த வாழைப்பழம் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் உள்ளே கட்டியாகிப்போனதை அது கரைக்காது. கொய்யா, பப்பாளி, பேரிக்காய், ஊறவைத்த உலர் திராட்சை, கீரை, சுண்டல், கேழ்வரகு, கம்பு எல்லாம் நல்லது. நார்ச்சத்துக்கு ஓர் எளிய கணக்கு, வயதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்வது: உங்கள் மகனுக்கு நாளைக்கு ஒன்பது பத்து கிராம். நூறு கிராம் கொய்யாவிலேயே அதில் பாதி வந்துவிடும். நார்ச்சத்துப் பொடி எதுவும் கடையில் வாங்க வேண்டாம். தண்ணீரும் தாகத்துக்கு வேண்டிய அளவு குடித்தால் சரி. வாளி வாளியாகக் குடிக்க வைப்பதால் மலம் இளகாது.

டாய்லெட் பழக்கத்துக்கு அவசரப்படாதீர்கள். முதல் சில வாரம் வலியில்லாமல் போகட்டும். அப்புறம் காலைச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள். வயிறு நிரம்பினால் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது, காலுக்கடியில் ஒரு முக்காலி போடுங்கள். இந்தியன் டாய்லெட்டில் குத்தவைப்பது மலம் இறங்குவதற்கு நல்ல நிலைதான், ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு ஓட்டைக்குள் விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதல் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொல்லுங்கள், ஊதும்போது வயிறு தானாக அழுத்தும். செல்போன் வேண்டாம். காலண்டரில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவது உட்கார்ந்ததற்கு. போனானா இல்லையா என்பதற்கு இல்லை.

பள்ளிக்கூட வேன் ஏழரைக்கு வந்துவிடும் என்றால், காலையில் அரை மணி முன்னால் எழுப்புவதைத் தவிர வழியில்லை. டீச்சரிடம் தனியாகப் பேசி, அவன் கேட்டால் உடனே அனுப்பச் சொல்லுங்கள், பையில் மாற்று ஜட்டி ஒன்றும் வைத்துவிடுங்கள். பள்ளி டாய்லெட்டை நீங்களே ஒருமுறை எட்டிப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத, நாற்றமடிக்கும் இடத்தில் பெரியவர்களே போகமாட்டார்கள்.

கைக்குழந்தையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. ஆறு வாரம் தாண்டிய, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஏழு முதல் பத்து நாள் வரைகூடப் போகாமல் இருக்கலாம். பால் நன்றாகக் குடிக்கிறாள், எடை ஏறுகிறது, வயிறு மிருதுவாக இருக்கிறது, போகும்போது இளகலாகப் போகிறாள் என்றால் அது மலச்சிக்கலே இல்லை. வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே காட்டுங்கள். அவளுக்குக் கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் கூடவே கூடாது. மகனை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது அவளையும் தூக்கிக்கொண்டு போய் எடை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.