புகைந்த பிபிசி மைக்ரோவும் நிற்காத ஓசையும்

கேள்வி: எங்கள் பள்ளிக் கிடங்கில் கிடந்த பிபிசி மைக்ரோ மாடல் பி என்ற 1980களின் பிரிட்டிஷ் கணினியைப் பழைய சாமான்காரரிடம் போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அரை மணி நேரம் நன்றாக ஓடியபின் பவர் சப்ளையிலிருந்து கடும் நெடியுடன் புகை வந்தது. மெக்கானிக் அதைக் கழற்றி, வெடித்த மின்தேக்கியை மாற்றித் திரும்பப் பொருத்தினார். இப்போது இயக்கினால் தாழ்ந்த ஓசை ஒன்று நிற்காமல் ஒலிக்கிறது. திரையில் எதுவும் இல்லை. போர்டே போய்விட்டதாகச் சொல்கிறார். உண்மையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: அந்த முடிவுக்கு வர இன்னும் நேரமிருக்கிறது. 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தவை பிபிசி மைக்ரோக்களே. உங்களுடையதும் அவ்வழியில் வந்ததாக இருக்கலாம். அந்தப் பவர் சப்ளையில் மின் இரைச்சலை வடிகட்ட 0.1, 0.01 மைக்ரோஃபாரட் அளவில் இரண்டு காகித மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் பிசின் உறையில் காலப்போக்கில் மயிரிழை போன்ற விரிசல்கள் விழுந்து, உள்ளிருக்கும் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, நெடுநாள் கழித்து மின்சாரம் பாயும்போது அது கருகிப் புகைகிறது. வடிகட்டுவது மட்டுமே அந்த மின்தேக்கிகளின் வேலை என்பதால், புகையால் போர்டு கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டையும் மாற்றினாரா, மாற்றியவற்றில் 'எக்ஸ்2' என்ற பாதுகாப்பு வகைக் குறி இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண மின்தேக்கியை அந்த இடத்தில் வைப்பது ஆபத்து.

இனி அந்த ஓசை. இக்கணினியின் ஒலிச் சில்லு, மின்சாரம் கிடைத்தவுடன் தானாகவே ஒலிக்கத் தொடங்கிவிடும். 6502 செயலி விழித்து, ரோம் எனும் நிலை நினைவகச் சில்லிலுள்ள நிரலை ஓட்டி, அதை அடக்கிய பிறகுதான் வழக்கமான 'பீப்' கேட்கும். ஓசை நிற்கவில்லை என்றால் செயலி வேலையைத் தொடங்கவில்லை என்று பொருள். பவர் சப்ளையைக் கழற்றி மாட்டியபின் வந்த கோளாறு என்பதால், என் சந்தேகம் முதலில் அதன் ஒயர்கள் மீதுதான் போகிறது. அவை போர்டில் செருகப்பட்டவையே, பற்றவைக்கப்பட்டவை அல்ல. செருகி தளர்ந்தோ கறுத்தோ இருந்தால் பவர் சப்ளையில் 5 வோல்ட் இருந்தும் சில்லுக்கு அது வந்து சேராது.

'ஃபிக்ஸ்' என்று குறித்த நான்கு திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்து, செயலியின் 1ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 4.75 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் செருகிகளைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். அளவு சரியாக இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஐசி51 என்ற இடத்திலுள்ள ரோமை இருபுறமும் சிறிது சிறிதாக நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்து, சில்லின் ஒரு முனையிலுள்ள வெட்டுக்குறி முன்பிருந்த திசையிலேயே அமையுமாறு அழுத்துங்கள். ஒரு கால் அடியில் மடிந்துகொண்டாலும் இதே ஓசைதான் வரும். பிறகு செயலிக்கும் அவ்வாறே செய்யுங்கள். இவற்றையெல்லாம் முடிக்காமல் சில்லு வாங்கச் செலவழிப்பது வீண். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

கேள்வி: என் பழைய 386 கணினியில் கீபோர்டு வேலை செய்யவில்லை. அதன் சாக்கெட் அருகே பச்சை பூத்திருக்கிறது.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அங்கே பீப்பாய் வடிவில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று இருக்கும், கசிந்தது அதுதான். அதை வெட்டி எடுத்துவிடுங்கள். கசிவு காரத்தன்மை உடையது என்பதால் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு நீராலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அரிக்கப்பட்ட செம்புக் கோடுகளை மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதித்து, அறுந்த இடங்களில் மெல்லிய ஒயரைப் பற்றவைத்தால் கீபோர்டு மீளக்கூடும். மாற்றாக லித்தியம் நாணய பேட்டரி வைப்பதாயின் இடையில் ஒரு டையோடு கட்டாயம். போர்டு அதைச் சார்ஜ் செய்ய முற்பட்டால் பேட்டரி வெடித்துவிடலாம்.